கைக்கும் கண்ணுக்கும் நடந்த வழக்கு

கைப்பேசி என்றால் அது கையில் அடங்க வேண்டும். அதன் திரையோ கண்ணை நிறைக்க வேண்டும். இவ்விரண்டு தேவைகளும் ஒன்றுக்கொன்று பகை. திரையை அகலமாக்கினால் பிடி தளர்கிறது. பிடியை இறுக்கினால் எழுத்து சிறுத்துவிடுகிறது. ஸ்மார்ட்போனின் வரலாற்றைக் கைக்கும் கண்ணுக்கும் நடந்த ஒரு நீண்ட வழக்கு என்றே கூறலாம்.

அந்த வழக்கில் தீர்ப்பு புரண்ட காலம் 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளாகும். முதல் ஆண்டில் 5 அங்குலத் திரையுடன் ஒரு கருவி வந்தது. கேலிக்கு ஆளாகி மறைந்தது. மறு ஆண்டில் அதைவிடப் பெரிய திரையுடன் மற்றொரு கருவி வந்தது. அதே கேலியை அதுவும் கேட்டது. ஆயினும் ஓர் ஆண்டிற்குள் அதன் விற்பனை ஒரு கோடியைத் தொட்டது. இடைப்பட்ட காலத்தில் மனிதனின் கை வளர்ந்துவிடவில்லை. அப்படியானால் மாறியது எது? இதற்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

அரைக் கிலோ எடையில் ஒரு தொடக்கம்

ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய ‘சைமன்’ என்னும் கருவியே முதல் ஸ்மார்ட்போன் எனப் பலரும் குறிப்பிடுவர். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் 1992 நவம்பரில் நடந்த கணிப்பொறிக் கண்காட்சியில் அதன் மாதிரி காட்டப்பட்டது. 1994 ஆகஸ்டில் பெல்சவுத் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை ஏறத்தாழ அரைக் கிலோகிராம். தொலைபேசி ஒப்பந்தத்துடன் விலை 899 டாலர். விரலாலோ ஒரு சிறு குச்சியாலோ தொட்டு இயக்கக்கூடிய கறுப்பு வெள்ளைத் திரை அதில் இருந்தது. தொடர்ந்து பேசினால் சுமார் ஒரு மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்துவிடும். ஏறத்தாழ 50,000 கருவிகளே விற்றன.

சைமன் பெரிதாக இருந்ததற்குக் காரணம் யாரும் பெரிய கருவியை விரும்பியது அன்று. அதைச் சிறிதாகச் செய்ய அந்நாளில் வழி இல்லை. ஆகவே தொழில்நுட்பம் முன்னேற முன்னேறக் கைப்பேசிகள் சுருங்கின. சிறுமையே பெருமை எனக் கருதப்பட்ட காலம் அது. திரை வேண்டும் என்றவர்களுக்காக நோக்கியா நிறுவனம் 1996இல் புத்தகம் போல் விரித்துத் திறக்கும் ‘9000 கம்யூனிகேட்டர்’ என்னும் கருவியை வெளியிட்டது. அதன் எடையும் 397 கிராம் இருந்தது.

2007 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய ஐபோன், பொத்தான்கள் இருந்த இடத்தையெல்லாம் திரைக்கே கொடுத்துவிட்டது. மூலைவிட்ட அளவு 3.5 அங்குலம், எடை 135 கிராம். பேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலால் திரையின் எந்த மூலையையும் தொட்டுவிடலாம். இந்தப் பொருத்தம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதால், 3.5 அங்குலம் என்பது ஏதோ இயற்கை விதி போலவே கருதப்படலாயிற்று.

டெல் ஸ்ட்ரீக்கின் தோல்வி

2010 ஜூனில் இங்கிலாந்தில் டெல் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரீக்’ வெளிவந்தது. 5 அங்குலத் திரை. எடை 220 கிராம். அதே ஆண்டு ஜூலை 16ஆம் நாள் செய்தியாளர் கூட்டம் ஒன்றில், பெரிய பேசிகளைப் பற்றி ஸ்டீவ் ஜாப்ஸ் கருத்துக் கூறினார். கையால் வளைத்துப் பிடிக்க முடியாத அத்தகைய பேசிகளை யாரும் வாங்கப்போவதில்லை என்றும், அவை ‘ஹம்மர்’ எனப்படும் பெருங்கார்களைப் போன்றவை என்றும் அவர் சொன்னார். ஸ்ட்ரீக்கைப் பொறுத்தவரை அவர் சொன்னது பலித்தது. 2011 ஆகஸ்டில் டெல் அதைக் கைவிட்டது.

ஆனால் ஸ்ட்ரீக் தோற்றது பெரிய திரையாலா? இங்கேதான் ஒரு சிறு கணக்கு தேவைப்படுகிறது.

திரையில் தெரியும் எழுத்தும் படமும் பிக்சல் எனப்படும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனவை. ஸ்ட்ரீக்கின் திரையில் 800 வரிசைகள், வரிசைக்கு 480 புள்ளிகள், மொத்தம் 3,84,000. அதே மாதத்தில் வெளிவந்த ஐபோன் 4இன் 3.5 அங்குலத் திரையில் 960க்கு 640, அதாவது 6,14,400 புள்ளிகள் இருந்தன. பெரிய திரையில் புள்ளிகள் குறைவு. சிறிய திரையில் அதிகம்! ஒரே கோலத்தைப் பெரிய வாசலில் போட்டாலும் புள்ளிகளைக் கூட்டாவிட்டால் இடைவெளிதான் கூடும். ஸ்ட்ரீக்கில் அங்குலத்திற்கு 187 புள்ளிகள் மட்டுமே அமைந்தன. வாங்கியவருக்குப் பெரிய கண்ணாடி கிடைத்தது. கூடுதல் செய்தி கிடைக்கவில்லை. அதன் முகப்பும் கிடைமட்டமாகவே அமைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த ஆண்ட்ராய்டு மென்பொருளோ அப்போதே பழசாகிவிட்ட 1.6ஆம் பதிப்பு. பெரிய திரையின் தீமைகள் அனைத்தும் அதில் முழுமையாக இருந்தன. நன்மைகள் அரைகுறையாக இருந்தன. எனவே ஸ்ட்ரீக்கின் தோல்வியைப் பெருந்திரையின் தோல்வியாகக் கொண்டது அவசர முடிவு என்றே தோன்றுகிறது.

நோட்டை நிறுத்துப் பார்த்தால்

2011 செப்டம்பர் முதல் நாள், பெர்லின் கண்காட்சியில் சாம்சங் நிறுவனம் ‘கேலக்சி நோட்’டை அறிமுகப்படுத்தியது. திரை 5.3 அங்குலம், புள்ளிகள் 1280க்கு 800, அதாவது 10,24,000. அங்குலத்திற்கு 285 புள்ளிகள். ஸ்ட்ரீக்கிற்கும் இதற்கும் மூலைவிட்டத்தில் வேறுபாடு 0.3 அங்குலமே, ஆனால் காட்டக்கூடிய செய்தியின் அளவில் இரண்டரை மடங்கிற்கும் மேல்.

மூலைவிட்ட அளவு நம்மை ஏமாற்றக்கூடியது என்பதையும் மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும். 3.5 அங்குலத்தையும் 5.3 அங்குலத்தையும் அடுத்தடுத்து எழுதினால் ஒன்று மற்றொன்றின் ஒன்றரை மடங்கு என்றே தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால் ஐபோன் 4இன் திரை சுமார் 5.65 சதுர அங்குலம். நோட்டின் திரை சுமார் 12.6 சதுர அங்குலம். இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது.

படிப்பவருக்கு இதனால் என்ன பயன்? அக்காலத்தில் பல இணையப் பக்கங்கள் 960 புள்ளி அகலத்திற்கு வடிவமைக்கப்பட்டன. அத்தகைய பக்கத்தை ஐபோன் 4இல் படுக்கைவாட்டில் முழுதாகத் திறந்தால், 12 புள்ளி உயரமுள்ள எழுத்து 1 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. நோட்டில் அதே எழுத்து சுமார் 1.4 மில்லிமீட்டர் உயரத்திற்கு வரும். ஆங்கில எழுத்தை 1 மில்லிமீட்டரிலும் எப்படியோ படித்துவிடலாம். ‘ன’வையும் ‘ண’வையும் சுழிகளை எண்ணிப் பிரித்தறிய வேண்டிய நமக்கு அந்த 0.4 மில்லிமீட்டர் சிறு சலுகை அன்று.

அடுத்தது மின்கலம். பெரிய திரை மின்சாரத்தை அதிகம் விழுங்கும், ஆகவே நோட்டின் மின்கலம் விரைவில் தீரும் எனப் பலர் எதிர்பார்த்தனர். அதே ஆண்டில் அதே சாம்சங் வெளியிட்ட ‘கேலக்சி எஸ் 2’ஐ இதனோடு ஒப்பிடுவோம். எஸ் 2இன் திரை 4.3 அங்குலம், எடை 116 கிராம், மின்கலக் கொள்ளளவு 1650 மில்லி ஆம்பியர் மணி. நோட்டின் எடை 178 கிராம். மின்கலம் 2500 மில்லி ஆம்பியர் மணி. திரைப் பரப்பு, எடை, மின்கலம் என மூன்றுமே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகியிருப்பதைக் காணலாம். செலவும் ஒன்றரை மடங்கு, வரவும் ஒன்றரை மடங்கு என்றால் இலாபம் எங்கே?

இலாபம் திரைக்கு வெளியே இருக்கிறது. பேசியின் மின்சாரத்தைத் திரை மட்டும் உண்பதில்லை. கோபுரத்துடன் தொடர்பு கொள்ளும் ரேடியோப் பகுதியும், கணக்கிடும் சில்லும் தம் பங்கை உண்கின்றன. திரை பெரிதானதால் கோபுரம் தொலைவுக்குப் போய்விடாது. சில்லும் இரண்டு பேசிகளிலும் ஒரே வகைதான். நோட்டில் அதன் வேகம் சற்றுக் கூட்டப்பட்டிருந்தது, அவ்வளவே. ஆகவே செலவில் ஒரு பகுதிதான் திரையோடு சேர்ந்து வளர்கிறது. மின்கலமோ முழுவதுமாக வளர்கிறது. மிச்சப்படுவது பயனாளருக்கு. பெருந்திரைப் பேசிகளின் பலங்களில் கடைக்காரர் சொல்லாமல் விட்ட பலம் இதுவே எனலாம்.

நோட்டுடன் ஒரு பேனாவும் வந்தது. 2007இல் ஐபோனை அறிமுகப்படுத்தியபோதே ஸ்டீவ் ஜாப்ஸ் கேலி செய்து ஒதுக்கிய பொருள் அது. ஆனால் பழைய குச்சிகளுக்கும் இதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஜப்பானின் வாக்கம் நிறுவனத்தின் நுட்பத்தில் அமைந்த இந்தப் பேனாவில் மின்கலம் இல்லை. திரைக்கு அடியிலுள்ள தகடு ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்புகிறது. பேனாவினுள் இருக்கும் சிறு கம்பிச்சுருள் அதற்கு ஒத்ததிர்ந்து பதில் தருகிறது. அந்தப் பதிலிலிருந்து பேனா முனை நிற்கும் இடமும், அழுத்தத்தின் 256 படிகளும் அறியப்படுகின்றன. வானொலியில் நிலையத்தைப் பிடிக்கும் அதே ஒத்ததிர்வுத் தத்துவம்தான். நல்ல வேலைப்பாடு. எனினும் நோட்டை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பேனாவுக்காக வாங்கினார்கள் என்று நான் நினைக்கவில்லை. பின்னாளில் பேனா இல்லாத பெருந்திரைப் பேசிகளே அதிகம் பரவின.

தராசின் மறுதட்டு

குறைகளும் பொய்யல்ல. நோட்டின் அகலம் கிட்டத்தட்ட 83 மில்லிமீட்டர். ஐபோன் 4இன் அகலம் 58.6 மில்லிமீட்டர். இந்த 24 மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கட்டைவிரல்தான் கடக்க வேண்டும். உயரமும் கூடுகிறது. கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொண்டு மேல்மூலையைத் தொட முயன்றால், பேசியின் எடை நெம்புகோல் போல் முன்னோக்கிச் சாய்கிறது, பிடி நழுவுகிறது. திரையின் தரத்திலும் ஒரு குறை இருந்தது. மூன்று நிறக் கூறுகள் இருக்க வேண்டிய ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டே கூறுகளை வைத்து, மீதியைப் பக்கத்துப் புள்ளியுடன் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பு அதில் கையாளப்பட்டது. கூர்ந்து பார்ப்பவருக்கு எழுத்தின் ஓரங்களில் பிசிறு தெரிந்தது.

இவற்றுள் கைப்பிடிக் குறையை வெறும் சௌகரியக் குறைவு என்று தள்ளிவிடக் கூடாது. துருக்கியைச் சேர்ந்த சமூகவியலாளர் செய்நெப் டுஃபெக்சி 2013இல் இதைப் பற்றி எழுதினார். அவ்வாண்டு துருக்கியில் நடந்த போராட்டங்களின்போது, கண்ணீர்ப்புகை தவறாகப் பயன்படுத்தப்பட்டதை அவர் படமெடுத்துப் பதிவு செய்ய விரும்பினார். பேசியை ஒரு கையால் தலைக்கு மேல் உயர்த்திப் படமெடுக்க அவருடைய கை போதவில்லை. ஆண்களின் கையை அளவாகக் கொண்டு செய்யப்பட்ட கருவி இது என்பது அவர் கூறிய குற்றச்சாட்டு. பெரிய பேசியின் விலையை எல்லாரும் சமமாகச் செலுத்தவில்லை. சிறிய கை உடையவர்கள் அதிகமாகச் செலுத்தினர்.

அதே 2013இல் ஸ்டீவன் ஹூபர் என்னும் வடிவமைப்பாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பொது இடங்களில் மக்கள் பேசியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதை 1,333 முறை கவனித்துக் குறித்த ஆய்வு அது. திரையைத் தொட்டு இயக்கிக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரு கையை மட்டும் பயன்படுத்தினர். 36 சதவீதம் பேர் ஒரு கையில் ஏந்தி மறு கையால் தொட்டனர். மீதி 15 சதவீதம் பேர் இரு கட்டைவிரல்களாலும் இயக்கினர். ஒரு கைதான் பேசியின் இயல்பு என்று வாதிட்டவர்கள் பாதி உண்மையைச் சொன்னார்கள் என்பது இதனால் விளங்குகிறது. அந்தப் பாதியும் சிறிய பாதி அன்று.

முதல் திரையா, மூன்றாம் திரையா?

இவ்வளவு குறைகள் இருந்தும் நோட் வென்றதற்குப் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது. இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2012 நவம்பரில் மைக்ரோமேக்ஸ் நிறுவனம் ‘கேன்வாஸ் 2’ என்னும் பேசியை 9,999 ரூபாய்க்கு விற்றது. திரை 5 அங்குலம். புள்ளிகள் 854க்கு 480. ஏறத்தாழ ஸ்ட்ரீக்கின் அதே மங்கலான திரைதான். இருந்தும் அது இங்கே நன்றாக விற்றது.

காரணம், பேசியை வாங்குபவரிடம் வேறு என்ன திரைகள் இருக்கின்றன என்பதே. நியூயார்க்கிலோ இலண்டனிலோ இருந்து எழுதிய விமர்சகரின் மேசையில் கணிப்பொறி இருந்தது. 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த ஐபேடும் பலரிடம் இருந்தது. பேசி அவருக்கு மூன்றாம் திரை. வழியில் செல்லும்போது எடுத்துப் பார்ப்பது. அத்தகையவருக்கு 5 அங்குலம் என்பது இரண்டும் கெட்டான். பேசி என்றால் பெரிது, பலகைக் கணினி என்றால் சிறிது. ‘ஃபேப்லெட்’ என்று அப்போது வழங்கிய பெயரே அந்தக் குழப்பத்தின் அடையாளம். ஆனால் கணிப்பொறியே இல்லாத வீட்டில் அதுதான் முதல் திரை. பல வீடுகளில் ஒரே திரையும் அதுவே. தேர்வு முடிவு பார்ப்பதும், விண்ணப்பம் நிரப்புவதும், திரைப்படம் காண்பதும் அதில்தான். இரண்டு கருவிகளை வாங்க இயலாதவருக்கு ‘இரண்டும் கெட்டான்’ என்பது ‘இரண்டும் ஆனது’ என்று பொருள்படும்.

விமர்சகர்கள் தராசைத் தவறாகப் பிடிக்கவில்லை. அகலமும் எடையும் அவர்கள் சொன்னபடியே இருந்தன. அவர்கள் நிறுத்தது தொலைபேசியை. மக்கள் வாங்கியது படிக்கும் பலகையை. 2020இல் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கரும்பலகையைப் பேசித் திரையில்தான் கண்டார்கள். அக்காவும் தம்பியும் ஒரே பேசியின் முன் நெருங்கி அமர்ந்து பாடம் கேட்ட வீடுகளில், ஒவ்வொரு சதுர அங்குலத்திற்கும் ஒரு மதிப்பு இருந்தது.

அகலம் குறைந்தது, எடை குறையவில்லை

ஆப்பிளும் 2014 செப்டம்பரில் 5.5 அங்குல ‘ஐபோன் 6 பிளஸ்’ஸை வெளியிட்டது. எடை 172 கிராம். பொத்தானை இருமுறை மெல்லத் தொட்டால் திரையில் உள்ளவை பாதி உயரத்திற்குக் கீழே இறங்கிவரும் ஏற்பாடு அதில் இருந்தது. கட்டைவிரல் திரைக்குப் போக முடியாததால் திரை கட்டைவிரலுக்கு வந்தது! 2018இல் சாம்சங் அறிவித்த ‘ஒன் யூஐ’ என்னும் மென்பொருள், பார்க்க வேண்டியவற்றை மேல்பாதியிலும் தொட வேண்டியவற்றைக் கீழ்ப்பாதியிலும் அமைத்தது. ஆப்பிள் 2021இல் தன் இணைய உலாவியின் முகவரிப் பட்டையைத் திரையின் அடிக்குக் கொண்டுவந்தது.

2016இல் சாம்சங்கின் ‘நோட் 7’ தீப்பிடித்து, அக்டோபரில் அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. மின்கலங்களின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் நேர்ந்த பிழைகளே காரணம் எனப் பின்னர் ஆய்வில் தெரிந்தது. அதைப் பெருந்திரையின் கணக்கில் எழுதுவது முறையாகாது.

2017இல் மற்றொரு வழி பிறந்தது. திரையைச் சுற்றியிருந்த ஓரங்கள் மெலிந்தன. திரை உயரமாகி அகலத்தில் ஒடுங்கியது. அவ்வாண்டின் ‘கேலக்சி எஸ் 8’இன் திரை 5.8 அங்குலம், ஆனால் பேசியின் அகலம் 68.1 மில்லிமீட்டர்தான். பழைய நோட்டைவிட 15 மில்லிமீட்டர் குறைவு. இங்கும் மூலைவிட்டம் தன் வேலையைக் காட்டியது. திரைப் பரப்பு சுமார் 13.2 சதுர அங்குலம்; நோட்டைவிட அரைச் சதுர அங்குலத்திற்குச் சற்றே அதிகம். விளம்பரத்தில் வளர்ந்த அளவுக்குத் திரை வளரவில்லை. ஆனால் கையில் பிடிப்பவருக்கு அது மெய்யான நிம்மதி.

மடித்து வைக்கும் பேசிகள் இரு தரப்பையும் சமாதானப்படுத்தும் முயற்சி. 2019இல் வந்த ‘கேலக்சி ஃபோல்டு’, விரித்தால் 7.3 அங்குலம், மடித்தால் 4.6 அங்குலம். ஏப்ரலில் விமர்சகர்களிடம் கொடுத்த சில கருவிகளின் திரை சில நாட்களிலேயே பழுதானதால், விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அதன் எடை கால் கிலோகிராமுக்கும் அதிகம். விலை 1,980 டாலர்.

2020இல் ஆப்பிள் ஒரே சில்லைக் கொண்டு பல அளவுகளில் ஐபோன் 12 வரிசையை வெளியிட்டபோது, வழக்கின் இரு தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ‘12 மினி’யின் எடை ஏறத்தாழ 135 கிராம், அகலம் 64.2 மில்லிமீட்டர். 15 மணி நேரம் காணொளி பார்க்கலாம் என்றது நிறுவனம். 6.7 அங்குல ‘12 புரோ மேக்ஸ்’ஸின் எடை 228 கிராம், அதற்குச் சொல்லப்பட்டது 20 மணி நேரம். மினியின் திரையோ 5.4 அங்குலம். மூலைவிட்டத்தை மட்டும் பார்த்தால், 2011இல் பூதம் எனப்பட்ட நோட்டைவிடப் பெரிது.

2021இல் ‘13 மினி’யும் வந்தது. அதற்கடுத்த வரிசையில் மினி இல்லை. 2023 செப்டம்பரில் ‘13 மினி’யின் விற்பனையையும் ஆப்பிள் நிறுத்திக்கொண்டது.